பழைய சர்வர், பலவகை கிளையன்ட்கள்: எந்த ரிமோட் கால் யாருக்குப் பொருந்தும்?

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டர், இருப்பு, விலை, கடன் வரம்பு எல்லாவற்றுக்குமான விதிகள் ஒரு ஜாவா அப்ளிகேஷன் சர்வரில், ஈஜேபி செஷன் பீன்களாக (சர்வருக்குள் ஓடும், வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய ஜாவா கிளாஸ்களாக) பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அது வைல்ட்ஃப்ளையாக இருக்கலாம், வெப்லாஜிக்காகவோ வெப்ஸ்பியராகவோ இருக்கலாம். கவுன்டரில் இருப்பவர்கள் ஜாவா ஸ்விங்கில் எழுதிய டெஸ்க்டாப் புரோகிராமைப் பயன்படுத்துகிறார்கள். கணக்குப் பிரிவில் டாட்நெட் புரோகிராம். கிடங்கு வாசலில் லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜோடு பேச சி++ல் எழுதிய ஒரு சின்ன புரோகிராம். இப்போது விற்பனைப் பிரதிநிதிகளுக்கு மொபைல் ஆப்பும் வாடிக்கையாளர்களுக்கு இணையதளமும் வேண்டும் என்கிறார்கள். எல்லாருக்கும் தேவைப்படுவது அதே விதிகள்தான். சர்வரைக் கூப்பிடும் இந்தப் புரோகிராம்களைத்தான் கிளையன்ட் என்கிறோம். சர்வரில் உள்ள ஒரு மெத்தடை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் கோட் பகுதியை, நெட்வொர்க் வழியாகக் கூப்பிடுவது ரிமோட் கால். யாரை எந்த வழியில் சர்வரோடு இணைப்பது?

இந்தக் கேள்வி எழுந்ததும் பேச்சு நேராக வேகத்துக்குப் போய்விடுகிறது. எது எத்தனை மில்லிசெகண்ட், பைனரி நல்லதா டெக்ஸ்ட் நல்லதா என்று விவாதம் நீளும். நான் முதலில் கேட்பது வேறொன்று. சர்வரில் ஒரு மெத்தடை மாற்றிப் போடும் அன்றே, அந்தக் கிளையன்டையும் மாற்றிப் போட உங்களால் முடியுமா? கவுன்டர் கம்ப்யூட்டர்கள் உங்கள் ஐடி பிரிவின் கையில் இருக்கின்றன, ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம். மொபைல் ஆப்பை எப்போது அப்டேட் செய்வது என்பது போனை வைத்திருப்பவர் இஷ்டம். வேபிரிட்ஜ் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் வேறு ஊரில் இருப்பார், அவர் வந்து மாற்றித் தர மாதக்கணக்கில் ஆகலாம். கிளையன்ட் யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், கீழே வரும் வழிகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

ஆர்எம்ஐயும் அதன் சொந்தங்களும்

ஜாவாவிலிருந்து ஜாவாவுக்கு என்றால் இதைவிடச் சுலபமான வழி இன்றும் இல்லை. 1997ல் ஜேடிகே 1.1 (ஜேடிகே என்பது ஜாவாவின் டெவலப்பர் தொகுப்பு) உடன் ஆர்எம்ஐ, அதாவது ரிமோட் மெத்தட் இன்வோகேஷன், வந்தது. அடுத்த வருடம் வந்த ஈஜேபி அதன் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டது. வெப்லாஜிக்கின் டி3, வைல்ட்ஃப்ளையின் ரிமோட்டிங் எல்லாம் நெட்வொர்க்கில் வேறு வேறு விதமாகப் பேசினாலும் புரோகிராமருக்குத் தெரியும் முகம் ஒன்றுதான். இன்டர்ஃபேஸ் (கூப்பிடக்கூடிய மெத்தட்களின் பட்டியல்) உள்ள ஜார் கோப்பைக் கிளையன்டில் சேர்க்கிறோம், ஜேஎன்டிஐ (சர்வரின் பெயர்ப் பட்டியல்) பெயரைக் கொடுத்துத் தேடி எடுக்கிறோம், அதே மெஷினில் இருக்கும் ஆப்ஜெக்டைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறோம். லிஸ்ட் போகும், மேப் போகும், பிக்டெசிமல் என்ற தசம எண் பைசா பிசகாமல் போகும். சர்வரில் எழுந்த எக்செப்ஷன் அதே வகையாகக் கிளையன்டில் வந்து சேரும். லாகின் செய்தவர் யார் என்ற விவரமும் கூடவே போகும். இத்தனையையும் கையால் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

இதற்கு ஈடாக, இரண்டு பக்கமும் ஒரே கிளாஸ்களை வைத்திருக்க வேண்டும். ஒரு கிளாஸில் சீரியல்வெர்ஷன்யூஐடி என்ற பதிப்பு எண்ணை நீங்களே எழுதி வைக்கவில்லை என்றால், கிளாஸின் பெயர், மெத்தட்கள், ஃபீல்டுகள் ஆகியவற்றிலிருந்து ஜாவா அதைக் கணக்கிட்டுக்கொள்ளும். சர்வரில் ஒரு பப்ளிக் மெத்தடைச் சேர்த்து கம்பைல் செய்தாலே எண் மாறிவிடும், பழைய கிளையன்டில் இன்வேலிட்கிளாஸ்எக்செப்ஷன் வந்து நிற்கும். எண்ணை எழுதி வைத்தாலும் பிரச்சினை முழுதாகத் தீராது. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9 (ஜாவா சர்வர்களுக்கான ஜாவா ஈஈ தரநிலையின் புதுப் பெயர் ஜகார்த்தா ஈஈ), ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்களை எல்லாம் ஜகார்த்தா என்று மாற்றியது. சர்வரைப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோனால், அந்தப் பேக்கேஜ்களின் கிளாஸ்களை நம்பி நிற்கும் கிளையன்ட்களையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது நெட்வொர்க். சாதாரண ஆர்எம்ஐயில் ரெஜிஸ்ட்ரி (ஆப்ஜெக்ட்களின் பெயர்ப் பட்டியல்) 1099 போர்ட்டில் இருக்கும், ஆனால் ஆப்ஜெக்ட்கள் நாம் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் கையில் கிடைத்த போர்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஃபயர்வால் பார்த்துக்கொள்பவருக்கு இதைவிடத் தலைவலி வேண்டாம். சர்வர்கள் இதைத் தங்கள் வழியில் சரி செய்தன. வெப்லாஜிக்கில் டி3யும் எச்டிடிபியும் ஒரே 7001 போர்ட்டில் இயங்கும். வைல்ட்ஃப்ளையின் முன்னோடியான ஜேபாஸ் 7ல் 4447 என்று தனிப் போர்ட் இருந்தது. 2014ல் வந்த வைல்ட்ஃப்ளை 8, எச்டிடிபி அப்கிரேட் (எச்டிடிபியாகத் தொடங்கி வேறு புரோட்டோகாலுக்கு மாறும் வசதி) வழியாக அதை 8080க்குள்ளேயே கொண்டுவந்தது. ஆக, போர்ட் பிரச்சினை இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்ட ஒன்று.

பாதுகாப்பு அப்படித் தீரவில்லை. ஆர்எம்ஐ ஆப்ஜெக்ட்களைப் பைட்களாக்கி அனுப்பப் பயன்படுத்தும் ஜாவா சீரியலைசேஷனில், வந்து சேரும் பைட்களை ஆப்ஜெக்டாக மாற்றும்போதே கோட் ஓடத் தொடங்கிவிடுகிறது. 2015 தொடக்கத்தில் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் போன்ற சாதாரண லைப்ரரிகளை வைத்தே இதை எப்படித் தாக்குதலாக மாற்றலாம் என்று காட்டினார்கள். அதே வருடம் நவம்பரில் வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் எல்லாவற்றிலும் அது செல்லுபடியாகும் என்பது வெளியானது. லாகின் தேவையில்லை, டி3 போர்ட்டை எட்ட முடிந்தால் போதும் என்ற நிலை. பிறகு 2017ல் ஜேடிகே 9 உடன் எந்தக் கிளாஸ்களை ஏற்கலாம் என்று வடிகட்டும் வசதி வந்தது, ஜேடிகே 8க்கும் பின்னோக்கிக் கொடுக்கப்பட்டது. அதைப் போட்டு வைப்பது கட்டாயம். ஆனாலும் என் முடிவு உறுதியானது: இந்தப் போர்ட் எதுவும் இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்திருக்கவே கூடாது. ஆபீஸுக்குள், ஒரே டீம் வெளியிடும் ஸ்விங் கிளையன்டுக்கு மட்டும் என்றால் தாராளமாக இருக்கட்டும்.

இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. கூப்பிடுவது அவ்வளவு சுலபமாக இருப்பதால், தூரம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகிறது. சர்வர் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்வர மட்டும் குறைந்தது 30 மில்லிசெகண்ட். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். ஒரு ஸ்கிரீனை நிரப்ப 40 தடவை கூப்பிட்டால் 1.2 விநாடி வெறும் பயணத்திலேயே போய்விடும், எந்த சர்வரை வாங்கிப் போட்டாலும் குறையாது. ஆபீஸ் நெட்வொர்க்கில் நன்றாக ஓடிய புரோகிராம், சர்வரை கிளவுடுக்கு மாற்றிய மறுநாள் இழுத்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அனேகமாக இதுவே. மருந்து புரோட்டோகாலில் இல்லை. ஸ்கிரீனுக்குத் தேவையானதை எல்லாம் ஒரே அழைப்பில் தரும் மெத்தட்களை எழுத வேண்டும். இது ஆர்எம்ஐக்கு மட்டும் சொல்வதில்லை, கீழே வரும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

கோர்பா, ஐஐஓபி

சி++ கிளையன்ட் என்றதும் பழைய ஆட்கள் சிலர் இன்னும் கோர்பாவை, அதாவது பல மொழிப் புரோகிராம்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதற்கான பழைய தரநிலையை, சொல்வார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1991ல் முதல் பதிப்பு, 1996ல் ஐஐஓபி என்ற நெட்வொர்க் புரோட்டோகாலோடு 2.0 என்று வளர்ந்த கோர்பா, மொழி எதுவானாலும் பேசிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை முதலில் பெரிய அளவில் சாதித்துக் காட்டியது. ஐடிஎல் கோப்பை (மெத்தட்களை மொழி சாராமல் விவரிக்கும் கோப்பு) முதலில் எழுதி, அதில் எளிய ஸ்ட்ரக்ட்களும் எண்களும் சரங்களும் மட்டும் வைத்தால் அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும். டெலிகாம் நெட்வொர்க் நிர்வாகத்தில் அப்படி எழுதப்பட்டவை நீண்ட காலம் உழைத்திருக்கின்றன.

ஈஜேபி விஷயத்தில் நடந்தது தலைகீழ். ஜாவா இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருக்கிறது, அதிலிருந்து ஐடிஎல்லை உருவாக்க வேண்டும். மெத்தடில் ஒரு அரேலிஸ்ட் (ஜாவாவின் பட்டியல் கிளாஸ்) இருந்தால் அது வேல்யூடைப் (முழுதாக நகலெடுத்து அனுப்பப்படும் ஆப்ஜெக்ட்) ஆகிவிடும். எக்செப்ஷன்களும் அதே கதி. சி++ பக்கம் அந்த வேல்யூடைப்களின் உள்ளடக்கத்தை, அதாவது ஜாவாவின் அரேலிஸ்ட் எப்படி நடந்துகொள்ளுமோ அதை, நீங்களே எழுத வேண்டும். எடை ஒன்றை அனுப்ப இவ்வளவு சிரமம் எதற்கு? போதாததற்கு, ஆப்ஜெக்டின் முகவரிக்குள்ளேயே சர்வரின் ஐபியும் போர்ட்டும் எழுதப்பட்டிருக்கும். நேட்டுக்கு (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் ஏற்பாட்டுக்கு) பின்னால் இருக்கும் சர்வர், வெளியிலிருந்து எட்ட முடியாத உள் முகவரியைக் கொடுத்துவிடும்.

2018 செப்டம்பரில் வந்த ஜேடிகே 11, கோர்பாவை ஜாவாவிலிருந்தே எடுத்துவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கோர்பா அழைப்புகளைக் கையாளும் தனி ஓஆர்பி லைப்ரரியை வைத்துக் காப்பாற்றலாம். புதிதாக இதில் ஒரு வரி எழுதுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சோப்: இன்னும் கைவிடத் தேவையில்லாதது

சோப்பைப் பற்றி, அதாவது அழைப்புகளை எக்ஸ்எம்எல் செய்திகளாக அனுப்பும் முறையைப் பற்றி, நல்ல வார்த்தை சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் கணக்குப் பிரிவின் டாட்நெட் புரோகிராமுக்கு, இந்த நிறுவனத்தில், நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஏற்கெனவே உள்ள ஸ்டேட்லெஸ் செஷன் பீனில் வெப்சர்வீஸ் அனோடேஷன் (கோடில் போடும் குறிச்சொல்) ஒன்றைப் போட்டால் சர்வரே டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை (சேவையை விவரிக்கும் ஒப்பந்தத்தை) தந்துவிடும். விஷுவல் ஸ்டூடியோவில் அந்த முகவரியைக் கொடுத்தால் சி ஷார்ப் கிளாஸ்கள் தயாராகிவிடும். தசம எண் இரு பக்கமும் தசம எண்ணாகவே இருக்கும், தேதிக்கு ஒரே வடிவம் உண்டு, ஒரு ஃபீல்டு கட்டாயமா இல்லையா என்பது எழுதியே இருக்கும். பணத்தைக் கையாளும் கிளையன்டுக்கு இவை சாதாரண சௌகரியங்கள் இல்லை.

அதன் கெட்ட பெயருக்கு ஆரம்ப காலம்தான் முக்கியக் காரணம். 2000ல் சோப் 1.1 வந்தபோது ஒரே விஷயத்தைப் பலவிதமாக எழுத இடம் இருந்தது. ஜாவா ஒன்றைத் தேர்ந்தெடுக்க, மைக்ரோசாஃப்ட் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க, இணையவே மாட்டேன் என்றன. 2004ல் டபிள்யூஎஸ்-ஐ அமைப்பின் பேசிக் புரொஃபைல் என்ற பொது விதித்தொகுப்பு அந்தக் குழப்பத்தைப் பெருமளவு அடக்கியது. டாக்குமென்ட் லிட்டரல் பாணியோடு (ஸ்கீமாவில் சொன்னபடியே எக்ஸ்எம்எல் அனுப்புவது) நிறுத்திக்கொண்டு, டபிள்யூஎஸ் என்று தொடங்கும் மற்ற விரிவாக்கங்களை விட்டு விலகி இருந்தால், சண்டை வருவது அபூர்வம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பீனின் என்டிட்டி கிளாஸ்களை (டேட்டாபேஸ் டேபிள்களைப் பிரதிபலிப்பவை) அப்படியே வெளியே காட்டிவிடாதீர்கள். டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்ந்தால் டபிள்யூஎஸ்டிஎல்லும் மாறும், கணக்குப் பிரிவு காலையில் போன் செய்யும். வெளியே போவதற்கென்று தனியாகச் சின்ன கிளாஸ்களை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், ஜேடிகே 11 சோப்புக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸையும் நீக்கிவிட்டது. சர்வருக்குள் அது தொடர்ந்து இருக்கும், தனியாக ஓடும் ஜாவா கிளையன்டில் மட்டும் லைப்ரரியை நாமே சேர்க்க வேண்டும்.

ரெஸ்ட், ஜேசன்

மொபைல் ஆப்புக்கும் இணையதளத்துக்கும், எச்டிடிபி முகவரிகளில் ஜேசன் என்ற எளிய டெக்ஸ்ட் வடிவில் தரவை அனுப்பும் இதைத் தவிர வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை. பிரவுசருக்கு இயல்பாகத் தெரிந்தது இதுதான். ஜாவா ஈஈ 6 காலத்திலிருந்தே, அதாவது 2009 முதல், ரெஸ்ட்டுக்கான ஜாக்ஸ்-ஆர்எஸ் சர்வருக்குள்ளேயே இருக்கிறது. கோளாறு வந்தால் கர்ல் (எச்டிடிபி கோரிக்கை அனுப்பும் கருவி) கட்டளை ஒன்றில் யாரும் சோதித்துப் பார்க்கலாம். ராய் ஃபீல்டிங் 2000ல் தன் ஆய்வேட்டில் விவரித்த ரெஸ்ட்டுக்கும், நாம் ஆபீஸில் ரெஸ்ட் என்று எழுதுவதற்கும் தூரம் அதிகம்தான். பெரும்பாலும் நாம் எழுதுவது எச்டிடிபியில் போகும் ரிமோட் கால். அதனால் குடி முழுகிவிடாது. ஆர்டர் பதிவுக்கு ஒரு முகவரி, அதற்கு ஒரு போஸ்ட் (தரவை அனுப்பும் எச்டிடிபி கோரிக்கை) என்று தெளிவாக இருந்தால் சரி.

கவனம் தேவைப்படும் இடங்கள் வேறு. முதலாவது எண்கள். ஜாவாவின் லாங் 64 பிட். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் 9,00,71,99,25,47,40,991 வரைதான் முழு எண்ணைத் தவறாமல் வைத்திருக்கும். அதைத் தாண்டிய ஆர்டர் எண் பிரவுசரில் சத்தமில்லாமல் கடைசி இலக்கத்தை மாற்றிக்கொள்ளும், எர்ரர் எதுவும் வராது. பெரிய அடையாள எண்களையும் பணத்தையும் சரமாக அனுப்புவது நல்லது. இரண்டாவது, புது ஃபீல்டு. பழைய கிளையன்ட் தெரியாத ஃபீல்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்று நாம் நம்புகிறோம். ஜேசனைப் படிக்க ஜாவாவில் பரவலாகப் புழங்கும் ஜாக்சன் லைப்ரரியோ, பல வருடமாக, தெரியாத ஃபீல்டைப் பார்த்தால் எர்ரர் எறிவதையே இயல்பாக வைத்திருந்தது. ஆண்ட்ராய்டு ஆப்பில் அந்த அமைப்பை முதல் வெளியீட்டிலேயே மாற்றிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான போன்களில் போய் உட்கார்ந்த பிறகு மாற்ற வழியில்லை. மூன்றாவது, ஒப்பந்தம். டபிள்யூஎஸ்டிஎல் போல இங்கே எதுவும் கட்டாயமில்லை என்பதால் சேவையை விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பை நாமே எழுதி, சர்வர் அதன்படி நடக்கிறதா என்று ஒவ்வொரு பில்டிலும் சோதிக்க வேண்டும். எழுதாவிட்டால் யாரோ ஒருவரின் ஞாபகம்தான் ஒப்பந்தம்.

ஜிஆர்பிசி

ஜிஆர்பிசி கூகுள் 2015ல் வெளியிட்ட ரிமோட் கால் முறை. செய்திகளின் வடிவத்தை எழுதும் புரோட்டோ கோப்பில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு எண் இருக்கும், நெட்வொர்க்கில் போவது அந்த எண்தான். அதனால் பெயர் மாறினாலும் ஃபீல்டு கூடினாலும் பழைய கிளையன்ட் உடையாது, பழைய எண்ணை வேறொன்றுக்கு மறுபடி பயன்படுத்தாதவரை. சி++, சி ஷார்ப், ஜாவா எல்லாவற்றுக்கும் நல்ல லைப்ரரி உண்டு. அழைப்புக்கு இத்தனை நேரம்தான் என்ற கெடுவும் கூடவே போகும். கோர்பா கொடுத்த வாக்கை ஒழுங்காக நிறைவேற்றியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் பழைய அப்ளிகேஷன் சர்வருக்கு இது வெளி ஆள். பொதுவாக இது தனி புராசஸாகத்தான் ஓடும், அது உள்ளே இருக்கும் பீன்களை ஆர்எம்ஐ வழியாகக் கூப்பிடும். பார்த்துக்கொள்ள இன்னொரு புராசஸ் கூடுகிறது. பிரவுசர் நேராக ஜிஆர்பிசி பேசாது, நடுவில் ஒரு புராக்ஸி (இடைத்தரகர் சர்வர்) வேண்டும். ஒரே எச்டிடிபி/2 இணைப்பு நீண்ட நேரம் திறந்திருக்கும் என்பதால், இணைப்பு அளவில் மட்டும் பிரித்துக் கொடுக்கும் பழைய லோடு பேலன்சர் எல்லா அழைப்புகளையும் ஒரே சர்வரில் கொண்டுபோய்க் குவித்துவிடும். நம் நிறுவனத்தின் அளவுக்கு இந்தச் செலவு தேவையில்லை. சர்வர்களுக்குள் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் அழைப்புகள் பறக்கும் இடத்தில், அல்லது தொடர்ந்து தரவு ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தில், நானே இதைச் சிபாரிசு செய்வேன்.

வேபிரிட்ஜும் பதில் வராத அழைப்பும்

சி++ புரோகிராமை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அங்கே ரிமோட் கால் என்பதே சரியா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. நெட் போய்விட்டாலும் லாரிகள் வந்துகொண்டேதான் இருக்கும். எடை போட்டவுடன் சர்வர் பதில் தராவிட்டால் வாசல் நின்றுவிடும் என்ற ஏற்பாடு தப்பு. எடையை உள்ளூரில் எழுதி வைத்து, நெட் வந்ததும் மெசேஜ் க்யூவில் (செய்திகளை வரிசையாகச் சேமித்துக் கொண்டுசேர்க்கும் இடத்தில்) போடுவது நல்லது. ஜாவா சர்வர்கள் க்யூவுக்குப் பயன்படுத்தும் ஜேஎம்எஸ், ஜாவாவுக்கான ஏபிஐ மட்டுமே, அதை வைத்து சி++ பேச முடியாது. ஆர்ட்டெமிஸ் போன்ற புரோக்கர்கள் (க்யூவை நடத்தும் சர்வர்கள்) ஏஎம்க்யூபி, எம்க்யூடிடி என்ற மொழி சாராத புரோட்டோகால்கள் இரண்டும் பேசும், சி++ பக்கம் அதற்கு லைப்ரரிகள் இருக்கின்றன. சர்வரில் ஒரு மெசேஜ் டிரிவன் பீன் (க்யூவில் செய்தி வந்தால் இயங்கும் பீன்) அதை எடுத்து அதே பழைய விதிகளைக் கூப்பிடும்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு நிலைமை கட்டாயம் வரும். அழைப்பு போனது, டைம்அவுட் ஆனது. ஆர்டர் பதிவானதா இல்லையா? கிளையன்டுக்குத் தெரிய வழியில்லை. மறுபடி அனுப்பினால் இரண்டு ஆர்டர் ஆகலாம், அனுப்பாவிட்டால் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். சன் நிறுவனத்தில் ஜிம் வால்டோவும் சகாக்களும் 1994லேயே, தொலைவில் இருக்கும் ஆப்ஜெக்டைப் பக்கத்தில் இருப்பது போல நடத்த முடியாது என்று எழுதியது இதையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையன்டே ஒரு தனி அடையாளம் கொடுக்க வேண்டும். அதே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தர வேண்டும். யுபிஐயில் இதைத் தினமும் பார்க்கிறோம். அங்கே கோரிக்கைக்கு உடனே கிடைப்பது பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகை மட்டும், முடிவு தனிச் செய்தியாக வரும், பரிவர்த்தனை எண்ணை வைத்து நிலையைத் தனியாகக் கேட்கவும் முடியும். டி3, ஐஐஓபி இரண்டிலும் டிரான்சாக்‌ஷனையே கிளையன்ட் வரை நீட்டிக்க வசதி உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கவுன்டரில் ஒருவர் ஸ்கிரீனைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், இருப்பு டேபிளில் பூட்டு விழுந்தபடியே இருக்கும்.

ஆக, இந்த நிறுவனத்துக்கு என் தேர்வு இதுதான். ஸ்விங் கிளையன்ட் ஆர்எம்ஐ வழியிலேயே இருக்கட்டும், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும், வடிகட்டி போட்டு. டாட்நெட்டுக்கு சோப். மொபைலுக்கும் இணையதளத்துக்கும் ரெஸ்ட். வேபிரிட்ஜுக்கு க்யூ. இவை நாலும் ஒரே மெல்லிய அடுக்கைக் கூப்பிட வேண்டும், விதிகள் அதற்குப் பின்னால் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விதியைக் கொஞ்சம் ரெஸ்ட் பக்கமும் கொஞ்சம் சோப் பக்கமும் எழுத ஆரம்பித்தால், ஒரே சரக்குக்குக் கவுன்டரில் ஒரு விலையும் ஆப்பில் ஒரு விலையும் வரும். கிளையன்ட் எல்லாமே ஜாவா, வெளியிடுவதும் ஒரே டீம் என்றால் இந்தப் பட்டியலே வேண்டாம், இருப்பதை இருக்கும்படி விடலாம்.

மாற்றும் வேலையை உங்கள் கையில் இல்லாத கிளையன்டிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதிக நாள் பிடிப்பது அதுதான். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு அழைப்பிலும் கிளையன்டின் பெயரையும் பதிப்பையும் அனுப்பச் செய்து லாகில் எழுதுங்கள். பழைய போர்ட்டை மூடலாமா என்ற கேள்வி வரும்போது அந்த லாகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மாதக் கடைசியில் மட்டும், அல்லது மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் மட்டும் ஓடும் புரோகிராம் ஒன்று எங்காவது இருக்கும். அதனால் ஒரு முழு நிதியாண்டு பார்த்துவிட்டு மூடுங்கள்.